மரங்களைக் கூப்பிட்ட வழக்கு

அட்சாஃபலாயா ஆற்றுப் படுகை, லூசியானா.
மே மாதம், காலை ஏழு மணி.
கேள்வி எளிது:
தண்ணீர் எங்கே முடிகிறது?

கோட்டுக்குக் கீழே அரசின் நிலம்,
ஓனெசிம் கீட்ரி கூண்டு போட்டுச் சிங்கிறால் பிடிக்கலாம்.
கோட்டுக்கு மேலே கம்பெனியின் நிலம்,
பிடித்தால் திருட்டு.

தண்ணீரைக் கேட்டுப் பயனில்லை.
அதற்கு மார்ச்சில் ஒரு பேச்சு,
அக்டோபரில் இன்னொரு பேச்சு.
அதனால் மரங்களைக் கூப்பிட்டிருக்கிறது கோர்ட்.
கேட்டு எழுதி வர என்னை அனுப்பியிருக்கிறது.

முக்காலியை ஊன்றுகிறேன், சேற்றில் இறங்குகிறது.
மறுபடி ஊன்றுகிறேன்.
அளவுகோலைப் பிடித்தபடி
இடுப்பளவு நீரில் நிற்கிறான் ஓனெசிம்.
"என் பெல்ட்டை எழுதிக்கொள், வேலை முடிந்தது."
பிரதிவாதி அளவுகோல் பிடிக்கக் கூடாதுதான்.
ஆனால் கம்பெனி அனுப்பிய பையன்
பாம்பைப் பார்த்ததிலிருந்து
படகை விட்டு இறங்கவில்லை.

சாண் ஏறினால் முழம் சறுக்குவது வேறு ஊர்க் கதை.
இங்கே சாண் ஏறினால் வேறு மரம்.
பள்ளத்தில் டுபெலோ,
வருடத்தில் பத்து மாதம் ஊறிக் கால் வீங்கியது.
அதன் தோளை உரசி சைப்ரஸ்,
முட்டிகளை மட்டும் காற்றுக்கு நீட்டிக்கொண்டு.
ஒரு சாண் மேலே மேப்பிளுக்குத் துணிச்சல் வருகிறது.
அதற்கும் மேலே,
கண்ணுக்குத் தெரியாத, காலுக்குத் தெரிகிற மேட்டில்
ஓக், செருப்பு நனையாமல் தாண்டி வந்தவர் போல.
ஆறு சமீபத்தில் கொட்டிய மணல் திட்டில்
வில்லோக் கூட்டம்.
எல்லாம் ஒரே வயது, ஒரே வகுப்பு,
ஒரே கூச்சல்.

சைப்ரஸின் பருத்த அடி மெலிகிற இடம்வரை
தண்ணீர் வழக்கமாக வந்து நின்றிருக்கிறது.
உடம்பால் எழுதிய வாக்குமூலம்.
ஒரு வார வெள்ளத்துக்கெல்லாம் மரம் பருப்பதில்லை.
ஆணி அடித்துப் படிக்கிறேன்:
ஆறு புள்ளி ஒன்பது அடி.
அடுத்தது ஏழு.
அடுத்தது ஆறு புள்ளி எட்டு.
சொல்லிக்கொடுத்த சாட்சிகள்கூட
இவ்வளவு ஒத்துப்போவதில்லை.

பிறகுதான் பாசியைப் பார்க்கிறேன்.
அதே மரம், அதே பட்டை,
பச்சை நிற்கும் கழுத்து மட்டும்
முக்கால் முழம் மேலே.

பருமன் சொல்வது நூறு வருடத் தண்ணீரை.
பாசி சொல்வது
மேலே மதகு வந்த பிறகு வந்த தண்ணீரை.
ஒரே சாட்சி, இரண்டு பேச்சு,
குறுக்கு விசாரணை செய்ய நான் வக்கீல் இல்லை.

ஓனெசிம் கணக்கில் வேகமானவன்.
மேல் கோடு என்றால் அவன் பக்கம் ஜெயம்.
சிரிப்பு வரப் பார்த்தது.
சுற்றிலும் ஒரு தடவை பார்த்தான்.
"சின்ன மரம் ஒன்றுகூடக் காணோமே."

காணோம்.
சைப்ரஸ் விதை மிதக்கும், தண்ணீருக்குள் முளைக்காது.
அதற்கு ஒரு கோடை வேண்டும், வெறும் சேறு வேண்டும்,
அடுத்த வெள்ளத்துக்குள்
தலை மூழ்காத உயரம் வேண்டும்.
அந்தக் கோடையை
முக்கால் முழம் தின்றுவிட்டது.
நிற்பவை நிற்கும், நம் காலத்துக்கு அப்புறமும்.
சேர்க்கை நின்றுபோன பள்ளியில்
மூத்த வகுப்பு மட்டும்.

திரும்பும்போது மோட்டாரை அணைத்தான்.
யாரோ எப்போதோ அறுத்துப் போன சைப்ரஸின் அடிக்கட்டை,
நீருக்கு மேலே ஒரு முழம் துருத்தி.
அழுகிய நடுவில் பெரணி, ஒரு மேப்பிள்,
என் சுண்டுவிரல் நீளத்தில்
ஒரு சைப்ரஸ்.
வேர் இறங்கக் கீழே மண் தூரம்.
அது இன்னும் அதற்குத் தெரியாது.

நான் கேட்கவில்லை.
அவனே அளவுகோலைக் கட்டைமேல் நிறுத்தினான்.
ஒன்பது புள்ளி நான்கு.
வழக்கில் எந்தப் பக்கத்துக்கும் உதவாத எண்.
மழைக்கு நனையாத தாளில், பென்சிலை அழுத்தி,
எழுதிக்கொண்டேன்.

"யாருக்குச் சாதகம்?" என்றான் பையன்.
ஓனெசிம் மோட்டார் கயிற்றை இழுத்தான்,
சத்தம் நல்ல வேளையாக
முதல் இழுப்பிலேயே வந்தது.